கையெழுத்து வாஷிங்டனில், வேலையிழப்பு இங்கேயா?

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மீண்டும் இயக்க, 2025 அக்டோபர் இறுதியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2.35 லட்சம் என்ஜின், உற்பத்தி 2029இல். ஆலை திறக்கட்டும். ஆனால், சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத ஒரு தாளைக் காட்டி வெற்றி முழக்கமிடுவதை ஏற்க முடியாது.

2021 செப்டம்பரில், பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது ஃபோர்டு. அந்த மூடலுக்கு எந்த அமெரிக்க அதிபரும் காரணம் அல்ல. இங்கே செய்த ஈகோஸ்போர்ட் கார்கள் அமெரிக்கச் சாலைகளிலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2022 கோடையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நியாயமான இழப்பீடு கேட்க வேண்டியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்குக் குடியிருந்து, பிள்ளைகளை இங்கேயே பள்ளியில் சேர்த்தவர்களை அன்று காப்பாற்ற ஒரு ஷரத்தும் இல்லை.

இனி அமெரிக்க அதிபரின் கோபமும் கணக்கில் சேர்கிறது. மெக்சிகோவில் ஆலை கட்டுவதற்காக டிரம்ப் பல மாதம் திட்டித் தீர்த்த ஃபோர்டு, 2017 ஜனவரியில், அவர் பதவியேற்கும் முன்பே, 160 கோடி டாலர் திட்டத்தைக் கைவிட்டது. சிறிய கார்களின் விற்பனைச் சரிவே காரணம் என்று நிறுவனம் சொன்னாலும், மிரட்டினால் பலிக்கும் என்ற பாடத்தை அவர் கற்றுக்கொண்டார். 2025 மே மாதம், இந்தியாவில் உற்பத்தி செய்ய வேண்டாம் என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்கிடமே சொன்னார். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தினார். ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்கியதற்கான தண்டனையைத் திருப்பூர்த் தையல் தொழிலாளியின் தலையில் ஏற்றியது அநீதி. ஏறிய வரி நாளை இறங்கலாம். இறங்கியது மறுபடி ஏறலாம். என்ஜின் உற்பத்தி தொடங்கவுள்ள அதே 2029இல், ஜனவரி மாதம், வெள்ளை மாளிகைக்குப் புது அதிபர் வருவார். அவர் என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்க அதிபரை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. நம் மண்ணில் தொழில் நடத்தும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்த முடியும். அதைச் செய்யாமல் இருப்பது அரசின் கடமைத் தவறு. கோட்டையில் எந்தக் கட்சி இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆளெடுக்கும்போது 2022இல் வேலையிழந்தவர்களுக்கே முன்னுரிமை வேண்டும். நிரந்தர வேலையைக் காண்டிராக்ட் வேலையாக மாற்றக் கூடாது. ஒப்பந்தக் காலத்துக்கு முன் ஆலையை மூடினால், பெற்ற சலுகைகளை நிறுவனம் திருப்பிக் கட்ட வேண்டும். இவற்றைச் சட்டப்படி செல்லும் ஒப்பந்தமாக எழுதி, 2029க்கு முன் சட்டமன்றத்தில் வையுங்கள்.