எதுக்குக் கேட்கிறீங்க?

காலை ஏழு மணிச் செய்திக்கு முன்னால் வரும் அந்த அரை நிமிட அறிவிப்பை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள்." மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலும் அதை வாசித்தேன். அன்று மத்தியானம், ஈசூனில் என் அம்மா ஓடிபி எண்ணை ஒருவனிடம் சொல்லிவிட்டார்.

அவன் மிரட்டவில்லை. போலிஸ் என்றோ வங்கி என்றோ சொல்லவில்லை. அம்மா வழக்கமாகச் சாமான் வாங்கும் இணையக் கடையின் பெயரைச் சொன்னான். அம்மாவின் முழுப்பெயர், புளோக் எண், வீட்டு எண், மார்ச் மாதம் வாங்கிய கிரைண்டரின் மாடல், கொடுத்த விலை, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். அந்தத் தொகுதியில் வந்த கிரைண்டர்களின் மோட்டாரில் கோளாறாம். பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். அம்மாவின் கிரைண்டர் உண்மையிலேயே அந்த வாரம் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

1,840 வெள்ளி போனது.

இது எனக்குப் பதினொரு நாள் தெரியாது. தீபாவளிக்குத் துணி எடுக்க லிட்டில் இந்தியா போகலாம் என்று கூப்பிட்டபோது, "இந்த வருசம் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். குரல் சரியில்லை. குரலை வைத்துப் பிழைப்பவளுக்கு அது தெரியாமல் போகுமா? தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது. ஏம்மா உடனே சொல்லவில்லை என்றேன். அம்மா சொன்ன பதில் இன்னும் எனக்குள் இருக்கிறது.

"தினமும் காலையில நீ ரேடியோவில சொல்றதைக் கேட்டுக்கிட்டுதான் காப்பி போடுறேன். உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

நான் வாசித்த எச்சரிக்கை அம்மாவைக் காப்பாற்றவில்லை. நடந்ததைச் சொல்லவிடாமல் வாயைக் கட்டியதுதான் மிச்சம்.

அவனுக்கு இத்தனை விவரம் எப்படிக் கிடைத்தது? அம்மாவின் மின்னஞ்சலைத் திறந்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடையில் கணக்கு தொடங்குவதற்காக நானே உருவாக்கிக் கொடுத்த முகவரி அது. அம்மா அதைத் திறந்ததே இல்லை. நானும்தான். படிக்காத அறுநூறு சொச்சம் மின்னஞ்சல்களுக்கு நடுவே, அந்த அழைப்புக்கு ஐந்து வாரங்களுக்கு முந்தைய தேதியில், கடையின் கடிதம் கிடந்தது.

"உங்கள் தனியுரிமையை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம்" என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. சில வாடிக்கையாளர்களின் சில தகவல்கள் அனுமதியின்றி அணுகப்பட்டிருக்கலாம் என்றது. கடன் அட்டை எண்கள் பாதிக்கப்படவில்லை என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. கடைசி வரி: "விழிப்புடன் இருக்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்."

எனக்கு இந்த மொழி புதிதல்ல. பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது, நெருக்கடி நேரத்தில் நிறுவனம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு பாடம் இருந்தது. தவற்றை ஒப்புக்கொள்ளாமல் ஓர் அறிக்கை எழுத வேண்டும். 'நாங்கள் தொலைத்துவிட்டோம்' என்று எழுதக் கூடாது. 'தகவல்கள் அணுகப்பட்டன' என்று எழுத வேண்டும். யார் பூட்டாமல் விட்டது என்ற கேள்வியே எழாதபடி வாக்கியத்தை அமைக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் எனக்கு 'ஏ' கிடைத்தது. அம்மாவுக்கு வந்த கடிதத்தைப் படித்தபோது, அதையும் என்னைப் போல ஒரு பிள்ளைதான் எழுதியிருக்கும் என்று தோன்றியது.

போலிசில் புகார் கொடுத்தோம். வங்கியிடம் போனோம். 2024 டிசம்பர் முதல் நம்மூரில் பொறுப்பைப் பகிரும் கட்டமைப்பு ஒன்று நடப்பில் இருக்கிறது. போலி இணையத்தளம் மூலம் நடக்கும் சில வகை மோசடிகளில், வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் கடமையைச் செய்யத் தவறியிருந்தால் இழப்பை அது ஏற்க வேண்டும். ஆனால் தொலைபேசியில் நாமே வாய்விட்டுச் சொன்ன எண்ணுக்கு அது பொருந்தாது. வங்கி ஊழியர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் கட்டமைப்பில் இன்னொன்றையும் கவனித்தேன். வங்கி இருக்கிறது, தொலைத்தொடர்பு நிறுவனம் இருக்கிறது. தகவலைக் கோட்டைவிட்ட கடை அதில் எங்கும் இல்லை.

கடை என்ன சொன்னது? வருத்தம் தெரிவித்தது. அடுத்த முறை பொருள் வாங்கும்போது 10 வெள்ளி கழிவு தந்தது. "எங்கள் தகவலை வைத்துத்தான் அவர் அழைத்தார் என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்றும் பணிவாகக் கேட்டது.

இல்லை. ஆதாரம் இல்லை. தகவல் கசிவின் கொடுமையே இதுதான். வீட்டில் திருடு போனால் உடைந்த பூட்டு இருக்கும். இங்கே ஓட்டை விழுவது ஓரிடத்தில், பணம் போவது வேறிடத்தில், நடுவில் பல வாரங்கள். இரண்டையும் இணைக்கும் நூல் நம் கையில் இருப்பதில்லை. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் நம்மிடம் ஆதாரம் கேட்கிறார்.

இந்த நேரத்தில்தான் 2018ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த ஜூலையில் சிங்ஹெல்த் செய்தியை நான் நேரலையில் வாசித்திருக்கிறேன். ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சுமார் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி போன்றவை களவாடப்பட்டன. 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றில் அடக்கம். ஜூலை 20ஆம் தேதி மக்களுக்கு அறிவித்தார்கள். நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதற்குள் பொய்யான குறுஞ்செய்திகளும் சுற்ற ஆரம்பித்து, எது உண்மை என்று மக்கள் குழம்பியதும் நினைவிருக்கும்.

பொது விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அறிக்கை வந்தது. ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்ட்டிலேயே உள்ளே வந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. 2018 ஜூனிலேயே ஊழியர்கள் சிலர் சந்தேகத்துக்குரிய அறிகுறிகளைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் செய்தி உரிய நேரத்தில் மேலிடத்துக்குப் போகவில்லை. மேலே சொன்னால் எல்லாரும் விளக்கம் கேட்டுத் துரத்துவார்கள் என்ற தயக்கம் பொறுப்பில் இருந்த ஒருவருக்கு இருந்தது விசாரணையில் வெளிவந்தது.

அதைப் படித்தபோது அம்மாவை நினைத்தேன். அம்மாவும் பயந்துதான் பதினொரு நாள் மூடி வைத்தார். வித்தியாசம் ஒன்றுதான். அம்மா மறைத்தது அவருடைய பணத்தை. அங்கே தாமதமானது 1.5 மில்லியன் பேரின் விவரம்.

ஆனாலும் அங்கே கணக்குக் கேட்கப்பட்டது. கணினி அமைப்பைப் பார்த்துக்கொண்ட ஐஎச்ஐஎஸ் நிறுவனத்தில் இருவர் வேலை இழந்தார்கள். தலைமை நிர்வாகி உட்பட உயர்நிலையில் இருந்த ஐவருக்கு அபராதம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. அதுவரை ஆணையம் விதித்ததில் அதுவே ஆக அதிகம். கூட்டினால் ஒரு மில்லியன். 1.5 மில்லியன் பேருக்கு வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 67 காசு. அந்தக் காசும் பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவதில்லை.

அதற்குப் பிறகு சட்டம் கடுமையாகியிருக்கிறது. 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அதை உறுதிசெய்த மூன்று நாளுக்குள் நிறுவனம் ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். 2022 அக்டோபர் முதல், பெரிய நிறுவனங்களுக்கு உள்நாட்டு ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். அதே 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பையும் சொன்னது. தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் ஒருவர் அடையும் மன உளைச்சலும் இழப்புதான். அதற்காக அவர் வழக்குத் தொடரலாம்.

தாளில் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1,840 வெள்ளிக்காக வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் அம்மா யார்?

அதனால் நான் சின்னதாக ஒன்றைச் செய்தேன். ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்புக்கு ஓர் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும். நம்மைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அந்தக் கடைக்கு எழுதினேன். 26 நாள் கழித்துப் பதில் வந்தது.

இப்போதைய முகவரி இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் காலி செய்த அங் மோ கியோ வீட்டு முகவரி இருந்தது. அம்மாவின் பிறந்த தேதி இருந்தது. கிரைண்டர் விற்பவருக்குப் பிறந்த தேதி எதற்கு? பத்தாண்டில் வாங்கிய அத்தனை பொருளின் பட்டியலும் இருந்தது. கடைசியில், 'வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அழைக்க' என்ற இடத்தில் அப்பாவின் கைபேசி எண் இருந்தது. அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அம்மா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "இதை ஏன் இன்னும் வச்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. திருடன் யார், எந்த நாட்டிலிருந்து வந்தான் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வைத்திருக்காத தகவல் கசியாது. தேவை முடிந்த தகவலை நிறுவனம் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி மறுபடி எழுதினேன். பழைய விவரங்களை நீக்கிவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. பணம் வரவில்லை. வரும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

நீங்களும் இந்த வாரம் ஒரே ஒரு கடைக்கு அப்படி எழுதிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் பெயரில் நீங்கள் திறந்து கொடுத்த மின்னஞ்சல் இருந்தால், அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முக்கியமாக, "ஏமாந்தா உடனே சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று இப்போதே சொல்லி வையுங்கள். வானொலியில் என் அறிவிப்பு வழக்கம்போல் வருகிறது. எழுதித் தருவதை நான் மாற்ற முடியாது. ஆனால் அது முடிந்ததும் இந்த ஒரு வரியை நானாகச் சேர்த்துச் சொல்கிறேன். இதுவரை யாரும் தடுக்கவில்லை.

போன வாரம் அம்மாவோடு ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். காசு கொடுக்கும் இடத்தில் அந்தப் பையன் வழக்கம்போல் கேட்டான்: "ஆன்ட்டி, போன் நம்பர்?"

"எதுக்குத் தம்பி கேட்கிறீங்க?" என்றார் அம்மா.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பையன் யோசித்தான். "தெரியலை ஆன்ட்டி. கேட்கச் சொல்லியிருக்காங்க."

"அப்ப தெரிஞ்சதும் சொல்லுங்க, நம்பர் தர்றேன்."

காசைக் கொடுத்துவிட்டு, வாணலியை எடுத்துக்கொண்டு அம்மா நடந்தார். பின்னால் நின்ற ஒரு பாட்டி அந்தப் பையனிடம் கேட்பது காதில் விழுந்தது.

"ஆமா, எதுக்குப்பா கேட்கிறீங்க?"