மெடலுக்கு மாலை போட்டோம், பிள்ளைக்கு என்ன செய்தோம்?



மாகாணமட்டத்தில் ஒரு பிள்ளை வென்று வந்தால் நமது சந்தியில் பெனர் தொங்கும். பொன்னாடை, மாலை, பட்டாசு, முகநூலில் நூறு 'மாஷா அல்லாஹ்'. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் பெனரைக் கழற்றிய மறுநாள் நடப்பதையும் பேசுவோம். போட்டிக்குப் போன நாட்களில் தவறிய பாடங்களை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்துக்குப் போய்வர முப்பது கிலோமீற்றருக்கு மேல். பஸ் காசு யார் கொடுத்தோம்? கடலுக்குப் போகும் வாப்பாவின் கையில் அன்று காசு இருந்ததா என்றாவது கேட்டோமா?

முதலில் ஆசிரியர்களாகிய நம்மையே குற்றம் சொல்வோம். பரீட்சை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுப்பது நாம்தான். பயிற்சி முடிந்து களைத்து வரும் பிள்ளையை "ஓடினா சோறு போடுமா?" என்று வகுப்பில் வைத்து கேட்பதும் நாம்தான். அதே பிள்ளை வென்று வந்தால் போட்டோவில் முன்வரிசையில் நிற்பதும் நாம்தான்.

ஓடினால் சோறு போடும். ஆனால் அதற்கு ஆவணம் வேண்டும். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கென்று பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும், உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதியும் வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு தம்பி ஈட்டி எறிதலில் நன்றாக வந்தவன். விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோது அவனுடைய சான்றிதழ்களில் பாதி எங்கே என்று வீட்டிலும் தெரியவில்லை, பாடசாலையிலும் தெரியவில்லை. தோற்றது அவனா, நாமா?

வெளியே பாருங்கள். பெரியகல்லாறில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம், 1952, 1956 ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார். 1958இல் டோக்கியோவில் இலங்கைக்கு ஆசியப் போட்டியின் முதல் தங்கத்தைக் கொண்டு வந்தார். பிறகு கலாநிதிப் பட்டமும் பெற்றார். கிழக்கு மண்ணில் பிறந்த பிள்ளைக்கு விளையாட்டும் படிப்பும் ஒன்றுக்கொன்று எதிரியாகவில்லை.

இன்று அந்நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களின் படிப்பைக் கவனிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அது ஒரு தனித் தொழில். முதற்தரப் போட்டிகளில் ஆடும் கல்லூரிகளில் போட்டிக் காலப் பயிற்சி வாரத்துக்கு 20 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாம் வருட முடிவில் பட்டப்படிப்பில் 40 வீதத்தை முடித்திருக்க வேண்டும், மூன்றாம் வருடத்தில் 60, நான்காம் வருடத்தில் 80. இல்லாவிட்டால் களமிறங்க முடியாது. அங்கே பணம் புரள்கிறது, அநியாயங்களும் நடக்கின்றன. நாம் கேட்பது அந்தப் பணத்தையல்ல, அந்த ஒழுங்கை.

பெண் பிள்ளைகள் விடயத்திலும் வாயைத் திறப்போம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததை மேடையில் சொல்கிறோம். மகள் சாதாரண தரத்துக்கு வந்ததும் மைதானத்தைப் பூட்டுகிறோம். இப்திஹாஜ் முஹம்மத் என்ற சகோதரி டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வாள்வீச்சு ஆடியவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு நின்று குழுப் போட்டியில் வெண்கலம் வென்றார். ஹிஜாப் தடையல்ல. முழுக்கை உடுப்பு, கூடப் போக ஒரு ஆசிரியை, இருட்டுமுன் வீடு சேர ஒரு வாகனம், இவற்றை ஒழுங்கு செய்யாத நமது சோம்பல்தான் தடை.

குச்சவெளி, இறக்கக்கண்டி, புல்மோட்டை எங்கும் ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் நாம் கேட்பது நான்கு விடயங்கள்:

1. விளையாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குப் பொறுப்பாக ஒரு ஆசிரியர். பயிற்றுவிப்பாளர் வேறு, இவர் வேறு.
2. பிள்ளைக்கொரு கோப்பு. சான்றிதழ் கிடைத்த அன்றே பிரதி அதற்குள்.
3. போட்டி முடிந்து வந்த வாரத்தில் தவறிய பாடங்களுக்கு மேலதிக வகுப்பு.
4. பெனருக்கும் பொன்னாடைக்கும் போகும் காசு பஸ்ஸுக்கும் சத்துணவுக்கும் போகட்டும்.

முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஆசிரியர்களாகிய நாமே பெயர் கொடுப்போம். வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களே, பழைய மாணவர்களே, அடுத்த தடவை பட்டாசுக்குக் காசு அனுப்புமுன் ஒரு பிள்ளையின் ஒரு வருடப் பஸ் காசைக் கணக்குப் பாருங்கள்.

சுபஹு தொழுதுவிட்டு இன்றும் நமது கடற்கரை மணலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். நாம் நமது வேலையைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.