பேராசிரியர்கள் கம்பெனி தொடங்கட்டும். இயந்திரம் நம் கைக்கு வரட்டும்!



சர்க்கார் சம்பளம் வாங்கும் பேராசிரியர் சொந்தமாகக் கம்பெனி தொடங்கலாமா? கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. கோபம் நியாயமானதே. ஐ.ஐ.டி.யில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது. தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறவர்கள் நாம். அந்தப் பணத்தில் கண்டுபிடித்ததை ஒருவர் தன் பெயரில் விற்பதா என்ற கேள்வியில் தவறில்லை.

ஆனாலும் நாம் சொல்கிறோம்: தொடங்கட்டும். அரசாங்கம் அவர்களைத் தூண்டிவிடவும் வேண்டும். காரணம் மலக்குழிக்குள் இருக்கிறது.

மனிதன் மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி இறங்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. சாவு நின்றதா? நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் இறந்தவர் எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்பது நம் தமிழ்நாடு. இங்கே மும்பையில் நிலைமை என்ன? மாநகராட்சியின் நிரந்தரத் தொழிலாளிக்காவது ஒரு பதிவேடு உண்டு. குடியிருப்புச் சங்கங்களின் கழிவுநீர்த் தொட்டிக்கு, காண்டிராக்டர் கூப்பிட்டதும் கயிறும் வாளியுமாகப் போகிறவனுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அப்படிப் போகிறவர்கள் நம் சங்கக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

தொட்டியின் வாய் சின்னது, வயிறு பெரியது. அடியில் மலம் பாறையாக இறுகிக் கிடக்கும். உறிஞ்சும் வண்டி தண்ணீரைத்தான் இழுக்கும், இறுகியதை இழுக்காது. அதை உடைப்பதற்காகத்தான் மனிதனை இறக்குகிறார்கள். அதைக் கிளறும்போதுதான் விஷவாயு கிளம்புகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலும் அவருடைய மாணவர்களும் இதற்கு ஒரு இயந்திரம் செய்தார்கள். பெயர் 'ஹோமோசெப்'. குடையைத் தலைகீழாகப் பிடித்து விரித்தால் எப்படி இருக்கும்? அதேபோல் தொட்டியின் குறுகிய வாய் வழியாக மடங்கி இறங்கி, உள்ளே போனபின் விரிந்து சுழல்கிறது அதன் கத்தி. இறுகிய கழிவு உடைந்து கரைகிறது. பிறகு உறிஞ்சி எடுக்கலாம். மனிதன் மேலே நிற்கிறான். நாற்றமும் விஷமும் கீழே.

இது ஒரு மாணவரின் கடைசி ஆண்டுத் திட்டப்பணியாகத் தொடங்கியது. அப்படித் தொடங்கும் பல வேலைகளின் கதி நமக்குத் தெரியாததல்ல. மதிப்பெண் கிடைக்கும், பட்டம் கிடைக்கும், இயந்திரம் பரணில் ஏறும். இது பரணில் ஏறாததற்குக் காரணம், அதே ஐ.ஐ.டி.யிலிருந்து கிளம்பிய 'சோலினாஸ்' என்ற சிறு கம்பெனி. 2022-இல் முதல் இரண்டு இயந்திரங்கள் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டன. சஃபாய் கர்மசாரி அந்தோலன் அதற்குத் துணை நின்றது. அந்தக் குழுக்களை முன்னின்று நடத்தியவர்கள், துப்புரவு வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள். கணவனை விழுங்கிய தொட்டிக்கு மேலே, இயந்திரத்தின் பொறுப்பாளியாக ஒரு பெண் நிற்கிறாள். இதை விடப் பெரிய வாதம் நமக்குத் தேவையில்லை.

கேரளத்தில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 'ஜென்ரோபோட்டிக்ஸ்' என்று கம்பெனி தொடங்கி, பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' இயந்திரத்தை 2018-இல் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். இன்று அது பல மாநிலங்களில் ஓடுகிறது.

பல்கலைக்கழகம் கண்டுபிடிக்கும், உண்மை. ஆனால் நூறு எண்ணம் செய்து தருமா? பல் உடைந்தால் மாற்றுப் பல் அனுப்புமா? ராத்திரி பத்து மணிக்கு இயந்திரம் மக்கர் செய்தால் மெக்கானிக் வருவாரா? அதற்கு ஒரு பட்டறை வேண்டும், கணக்கு வேண்டும், பொறுப்பேற்க ஆள் வேண்டும். பெரிய முதலாளிகள் இதைச் செய்ய மாட்டார்கள். ஏழை இறங்கும் குழியில் அவர்களுக்கு என்ன லாபம்? அந்த இயந்திரத்தின் மீது பாசம் உள்ளவன், அதைச் செய்தவன் மட்டுமே.

ஆனால் கம்பெனி தொடங்கினால் மட்டும் போதாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் படிப்பறிவில்லாத கிராமத்தவனும் கையாளக்கூடிய 'சிம்ப்யூட்டர்' என்ற மலிவுக் கம்ப்யூட்டரைச் செய்து, அதற்காகக் கம்பெனியும் தொடங்கினார்கள். 2004-இல் அது சந்தைக்கு வந்தது. சில ஆயிரம் மட்டுமே விற்றது. ஏழைக்காகச் செய்த பொருளை ஏழையால் தனியாக வாங்க முடியாது. சர்க்கார் வாங்கிக் கொடுக்க வேண்டும். சர்க்கார் மொத்தமாக வாங்கவில்லை.

சர்க்கார் எப்படி வாங்குகிறது என்பது நமக்குத் தெரியும். டெண்டர் காகிதம் மேசை மேசையாக நகர்வதைப் பார்த்தே தலை நரைத்தவர்கள் நாம். "மூன்று வருட முன் அனுபவம் உண்டா? இத்தனை கோடி வியாபாரம் உண்டா?" நேற்றுப் பிறந்த கம்பெனிக்கு எங்கிருந்து வரும்? இந்த நிபந்தனைகளைப் புதுக் கம்பெனிகளுக்குத் தளர்த்தலாம் என்று மத்திய அரசு 2016-இலேயே சொல்லிவிட்டது. ரயில்வேயும் 2022 ஜூனில் ஒரு திட்டம் அறிவித்தது. ரயில்வேக்கு உதவும் புதுக் கண்டுபிடிப்புக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். நல்லது. மாநகராட்சிகளும் இப்படி முன்வந்து வாங்க வேண்டும். அதுதான் உண்மையான தூண்டுதல். மேடையில் பொன்னாடை போர்த்துவது அல்ல.

இனி நம் நிபந்தனைகளுக்கு வருவோம். ஆசிரியர்களும் மாணவர்களும் கம்பெனி தொடங்குவதற்கு மத்தியக் கல்வி அமைச்சகம் 2019-இல் ஒரு கொள்கை வகுத்தது. ஆசிரியர் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி நடத்தலாம். கல்வி நிலையம் தன் இடத்தையும் கருவிகளையும் கொடுத்ததற்குப் பதிலாக 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம். "எடுத்துக்கொள்ளலாம்" என்று இருப்பதை "எடுத்தே ஆக வேண்டும்" என்று மாற்றச் சொல்கிறோம். கம்பெனி பெருத்தால் அந்தப் பங்கின் வருமானத்தில் நம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வரட்டும். பேராசிரியர் விடுப்பில் போனால் அந்த நாற்காலியில் வேறு ஆசிரியரை உட்கார வைக்க வேண்டும். கம்பெனி வேலையும் கல்லூரி ஆராய்ச்சியும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அந்தக் கொள்கையே சொல்கிறது. ஆராய்ச்சி மாணவனைக் கம்பெனியின் சம்பளமில்லாத வேலையாளாக ஆக்கினால், காண்டிராக்டருக்கும் பேராசிரியருக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாவற்றையும் விட முக்கியம், இயந்திரம் யார் கையில் என்பது. காண்டிராக்டர் இயந்திரத்தை வாங்குவான்; இத்தனை காலம் குழிக்குள் இறங்கியவனை வீட்டுக்கு அனுப்புவான்; ஓட்டுவதற்குத் தன் மைத்துனனை வைப்பான். சாவிலிருந்து தப்பியவன் பட்டினிக்குள் விழுவான். இதற்கு நாம் சம்மதிக்க முடியாது. இறங்கிய கையே இயந்திரத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். 2023-இல் தொடங்கிய 'நமஸ்தே' திட்டத்தில், துப்புரவுத் தொழிலாளர் இயந்திரம் வாங்க மானியம் உண்டு. ஆனால் நகராட்சி கணக்கெடுத்துப் பதிந்தவர்களுக்குத்தான் அது. காண்டிராக்டரின் சீட்டில்கூடப் பெயர் இல்லாத, ரேஷன் கார்டு ஊரில் இருக்கிற நம் ஆள் அந்தப் பட்டியலில் எப்படி ஏறுவான்? நாம்தான் ஏற்ற வேண்டும்.

பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கும் நம் பிள்ளைகள் காதிலும் இதைப் போடுங்கள். பவாய் ஐ.ஐ.டி.யிலும் இப்படிப்பட்ட கம்பெனிகளை வளர்ப்பதற்கென்றே 2004 முதல் ஒரு அமைப்பு இருக்கிறது. அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு மட்டும் வேலை என்று நினைக்க வேண்டாம். ஃபிட்டர் இல்லாமல் எந்த இயந்திரமும் நிற்காது.

அடுத்த மாதம் மாநகராட்சிக்கு மனு கொடுக்க இருக்கிறோம். குழியில் இறங்கும் வேலை செய்கிறவர்கள், செய்தவர்கள், அந்த வேலையில் ஆளை இழந்த குடும்பங்கள் தங்கள் பெயரையும் எத்தனை வருட வேலை என்பதையும் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கவும். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வந்தால் நாமே எழுதிக்கொள்கிறோம். யாருடைய பெயரும் காண்டிராக்டருக்குப் போகாது.