கைக்காசா, கொந்தரப்பா, அவுட்குரோவரா? கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்

தவணைப் பரீட்சை முடிந்த அன்று, என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா ஒரு தாளோடு பாடசாலைக்கு வந்தார். "டீச்சர், இதுல கையெழுத்து வைக்கச் சொல்றாங்க. என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தோட்டத்துத் தொழிலாளி அல்ல, தோட்டத்துக்குக் கொழுந்து விற்கும் 'அவுட்குரோவர்' என்று அதில் எழுதியிருந்தது. "கொந்தரப்பு வேலைன்னுதானே சொன்னாங்க!" என்று அந்த அக்கா திகைத்துப் போனார்.

மலை ஒன்று, கொழுந்தும் ஒன்று. வேலைக்கு மட்டும் நாலு பெயர். எது எதுவென்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

செக்ரோலில் பெயர் பதிந்தவருக்கு நாட்சம்பளம் உண்டு. கைக்காசு என்றால் பறித்த கிலோவுக்கு உடனே காசு. கொந்தரப்பு என்றால் புல்வெட்டு, கவ்வாத்து போன்ற வேலையை மொத்தமாகப் பேசிக் கொடுப்பது. அவுட்குரோவர் முறையில் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, பராமரிப்பை நம் தலையில் வைத்து, கொழுந்துக்கு மட்டும் விலை தருவார்கள். கடைசி முறையில் நம்மைத் 'தொழிலாளி' என்றே சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாகவோ, கிலோக் கணக்கிலோ ஒரு முதலாளியிடம் வேலை செய்தாலும், முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். 1000 ரூபா சம்பளத்துக்குத் தோட்டம் 120 ரூபா போட வேண்டும், நம்மிடம் 80 ரூபா பிடிக்க வேண்டும். நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் இன்னும் 30 ரூபா கட்ட வேண்டும். அதாவது தோட்டத்தின் பங்கு மட்டும் நாளுக்கு 150 ரூபா. மாதம் 25 நாள் என்றால் 3750 ரூபா. 5 வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு சேவைக்காலப் பணமும் உண்டு. கைக்காசு கூடுதலாகத் தெரியும்போது, இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வசதியான நேரத்தில் மலைக்குப் போகலாம் என்பதற்காகச் சிலர் இந்த முறைகளை விரும்புகிறார்கள். அதில் தப்பில்லை. தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் சங்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. "அவங்க கைக்காசு ஆளுங்க, நம்ம ஆளுங்க இல்ல" என்று தோட்டக் கமிட்டியிலேயே பேசுகிறோம். நிர்வாகம் வைத்த பெயரை வைத்து நாமே நம்மைப் பிரித்துக்கொண்டால், நாளை செக்ரோலில் யார் மிஞ்சுவார்கள்?

ஆகவே புதிய வேலை என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்குச் சம்பளம் தரும் முதலாளி யார்? சேமலாப நிதி கட்டுவீர்களா? சம்பளத் துண்டு தருவீர்களா? பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் அந்தத் தாளைத் தலைவரிடமோ தலைவியிடமோ காட்டுங்கள். சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அந்த அக்கா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. தாள் எங்கள் கமிட்டியில் இருக்கிறது.