தம்பியைத் திட்டாதீர்கள்

பள்ளியிலிருந்து திரும்பிய எட்டு வயதுத் தம்பியின் உள்ளாடையில் மலக்கறை. “இவ்வளவு பெரிய பையனுக்குக் கழிவறைக்குப் போகத் தெரியாதா?” என்று அம்மா திட்டுகிறார். அவன் தலைகுனிந்து நிற்கிறான். பல வீடுகளில் இப்படி நடக்கிறது. அது சோம்பலோ குறும்போ அல்ல, பெரும்பாலும் நாள்பட்ட மலச்சிக்கல். இதை வீட்டில் எடுத்துச் சொல்ல மாணவர்களாகிய உங்களால் முடியும்.

பெருங்குடல் கழிவிலிருந்து நீரை உறிஞ்சுகிறது என்று படிவம் 2 அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பள்ளிக் கழிவறை நாற்றமடிக்கிறது, கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு சிறுவன் மலத்தை அடக்குகிறான். தங்கும் மலத்திலிருந்து மேலும் நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது. அடுத்த முறை போகும்போது வலிக்கிறது. அந்த வலிக்குப் பயந்து மீண்டும் அடக்குகிறான். நாளடைவில் மலக்குடல் விரிந்து, போக வேண்டும் என்ற உணர்வே மங்கிவிடுகிறது. இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் அவனுக்குத் தெரியாமலே கசிகிறது. அதைத்தான் அம்மா பார்த்தார். சிலர் அதை வயிற்றுப்போக்கு என்றுகூட நினைத்துவிடுகிறார்கள்.

பப்பாளியும் கீரையும் தண்ணீரும் நல்லவைதான். ஆனால், நாள்பட்ட சிக்கலுக்கு அவை மட்டும் போதாது. லாக்டுலோஸ், மேக்ரோகோல் போன்ற மலமிளக்கி மருந்துகளை மருத்துவர் தருவார். விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். கொஞ்சம் சரியானதும் பெற்றோர் தாமாகவே மருந்தை நிறுத்தினால் சிக்கல் திரும்பிவிடும். மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, வயிறு வீக்கம், எடைக் குறைவு ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பிட்டவுடன் பெருங்குடலின் அசைவு இயல்பாகவே கூடும். எனவே உணவுக்குப் பின் ஐந்து முதல் பத்து நிமிடம், காலுக்கடியில் சிறு முக்காலி வைத்து, தம்பியைக் கழிவறையில் உட்காரச் சொல்லலாம். காலையில் பள்ளி வேனைப் பிடிக்கும் அவசரமா? இரவு உணவுக்குப் பின் உட்காரட்டும். மலம் வராவிட்டாலும், உட்கார்ந்ததற்காகப் பாராட்டுங்கள். திட்டினால் பயம் கூடும், பயந்தால் இன்னும் அடக்குவான்.

பள்ளியிலும் நமக்குப் பொறுப்பு உண்டு. 2023இல் அரசாங்கம் நாடு முழுவதும் பள்ளிக் கழிவறைகளைச் சீரமைக்கத் தொடங்கியது. புதிய கதவுகளும் குழாய்களும் வந்தாலும், அவற்றைச் சுத்தமாக வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது. வகுப்பில் ஒருவர் கழிவறைக்கு அனுமதி கேட்கும்போது சிரிக்காமல் இருப்பதும் அப்படித்தான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே ஒருவர் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கலாம்.