முதலில் அமுக்கத்தை அளந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களைக் கண்டு வியப்பவர்கள், அவை யுத்த காலத்தை எவ்வாறு கடந்தன என்று கேட்பதுண்டு. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின், தடையினால் குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது சாரதிகளின் சாமர்த்தியம் மட்டுமன்று. 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ40 சமர்செற்றின் அமுக்க விகிதம் 7.2க்கு 1 மாத்திரமே. அமுக்கம் குறைந்த இயந்திரம் தரங்குறைந்த எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

அதற்கொரு விலையும் இருந்தது. எரியாது எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். அடியிலுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ரிங்குகள் தேயும். எனவே, இக்கார்களைப் புதுப்பிக்க முனைவோரிடம், "எஞ்சின் முடிந்துவிட்டது, ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டுவோம்" என்று சிலர் சொல்லும்போது அது நியாயமாகவே தோன்றும். ஆனால் அளந்து பாராமல் சொல்லப்படும் தீர்ப்பை நான் ஏற்பதில்லை.

அளப்பதற்கு அரை மணி நேரம் போதும். இயந்திரத்தைச் சூடாக்கி நிறுத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி வராதபடி கொயில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பற்றரி நிறைந்திருக்க வேண்டும். அக்சிலறேற்றரை முழுதாக அழுத்தியபடி ஸ்ராட்டரைச் சுழலவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தமானியில் பார்க்க வேண்டும். நான்கு அளவுகளும் ஏறத்தாழ ஒத்திருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால், அதனுள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்கவும். அழுத்தம் உயர்ந்தால் பழுது பெரும்பாலும் ரிங்கில், உயராவிட்டால் வால்வில். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைந்தால் ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகிக்கலாம். வால்வும் காஸ்கெற்றும் சில நாள் வேலை. அதற்காக எவரும் எஞ்சினையே தூக்கியெறிய வேண்டியதில்லை.

அழுத்தமானி இல்லாத நாட்களிலும் ஹாண்டிலை மெதுவாகச் சுற்றி, எந்தச் சிலிண்டர் எதிர்த்து நிற்கிறது, எது தளர்கிறது என்பதைக் கையாலேயே அறிந்த மெக்கானிக்குகள் நம்மிடையே இருந்தார்கள்.

நாளாந்தம் வாடகைக்கு ஓடும் காருக்குப் புதிய எஞ்சினே சிக்கனம் என்பர். மறுக்கவில்லை. ஆயினும் பாட்டனார் விட்டுச்சென்ற காரைப் புதுப்பிக்க வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவுகளுக்கு ஒன்று சொல்வேன். பணம் அனுப்புமுன் நான்கு சிலிண்டர்களின் நான்கு அளவுகளை எழுதி அனுப்பும்படி கேளுங்கள். கழற்றி இரும்புக் கடைக்குப் போன எஞ்சின் திரும்பி வராது.