மலைப்பாதை ஓட்டத்திற்குத் துணை வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் பணிபுரிந்து, எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர் அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வியைக் கேட்கின்றனர். "சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். நண்பரோடு சேர்ந்து மலைச்சாலையில் 21 கிலோமீட்டர் ஓடப் பயிற்சி எடுக்கலாமா?" என்கின்றனர். உடன் வந்த மனைவியோ மகனோ, "வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள், டாக்டர்" என்கின்றனர். இரு தரப்பினரின் கவலையும் நியாயமானதே. முறையான பரிசோதனையும் போதிய கால அவகாசமும் இருந்தால் இவர்களுள் பலர் ஓடலாம்; ஆனால் எவரும் தனியாகப் பயிற்சி செய்யலாகாது என்பதே எங்கள் கருத்து.

உலகின் மிகப் பழைய நெடுந்தூர மலைப்பாதை ஓட்டங்களுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாரத்தான். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய நகரங்களுக்கு இடையே குன்றுகளில் ஏறி இறங்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பாதை அது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் நிலம் அது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த தோழர்களின் நினைவாக, அப்போரில் பங்கேற்ற விக் கிளாப்பம் என்பவர் 1921 மே 24 அன்று இவ்வோட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் 34 பேர் புறப்பட்டு, 16 பேரே ஓடி முடித்தனர். 'காம்ரேட்ஸ்' என்னும் சொல்லுக்குத் தோழர்கள் என்று பொருள். நீண்ட மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது என்பதற்கு மருத்துவக் காரணங்களும் உள்ளன.

நம் பகுதி பெரும்பாலும் சமவெளி. பழவேற்காட்டுக் கரையிலிருந்து பூண்டி நீர்த்தேக்கம் வரை மேடு என்று சொல்லத்தக்கவை குறைவு. சமவெளியில் மட்டும் ஓடிப் பழகியவர் மலைச்சாலைக்குச் செல்லும்போது உடல் இரு வேறு சோதனைகளைச் சந்திக்கிறது. ஏற்றத்தில் இதயத்தின் வேலை கூடுகிறது, மூச்சு வாங்குகிறது. எனவே எச்சரிக்கை உடனே கிடைத்துவிடுகிறது. இறக்கத்தில் மூச்சு எளிதாக இருப்பதால் மனம் ஏமாறுகிறது. அப்போது தொடையின் முன்புறத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகின்றன. அதனால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, ஓரிரு நாள் கழித்தே வலி உச்சத்தை அடைகிறது. பயிற்சியின்றி நீண்ட இறக்கத்தில் ஓடியவருக்குச் சில வேளைகளில் தசைச் சிதைவு கடுமையாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

ஆயினும் இறக்கத்தை முற்றிலும் வெறுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், சிலர் மலையேறி நடந்து கம்பிவட ஊர்தியில் இறங்கினர். பிறகு சில மாதங்கள் ஊர்தியில் ஏறி நடந்து இறங்கினர். ஏறி நடந்தபோது இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது. இறங்கி நடந்தபோது உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டது. அளவோடு பழகினால் ஏற்றம், இறக்கம் இரண்டுமே பயன் தருகின்றன. ஒருமுறை மிதமாக இறக்கம் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்குக் குறைந்த சேதத்துடன் அதே வேலையைத் தாங்குகிறது என்பதும் நன்கு அறியப்பட்டதே.

இந்த 'அளவு' எது என்பதை அறியத்தான் துணை வேண்டும். ஓடும்போது நண்பருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் மிதமானது. இரண்டு சொற்களுக்கு மேல் வரவில்லை என்றால் அது கடும் முயற்சி, நடைக்கு மாறிவிடலாம். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பைவிடச் சிலருக்கு இதுவே நம்பத்தக்கது. இரத்த அழுத்தத்துக்காகவோ இதயநோய்க்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்வோருக்கு, எவ்வளவு முயன்றாலும் நாடித்துடிப்பு உரிய அளவுக்கு உயராது. பேச்சு அவர்களை ஏமாற்றுவதில்லை.

அடுத்த காரணம் இன்னும் முக்கியமானது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓட்டங்களில் பங்கேற்ற சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுள் 59 பேருக்கு இதயத் துடிப்பு திடீரென நின்றது. 42 பேர் இறந்தனர். ஆபத்து மிக அரிது என்பது முதல் செய்தி. அருகில் இருந்தவர் உடனே மார்பை அழுத்தி உதவியது பிழைத்தவர்களைக் காத்த காரணங்களுள் தலையாயது என்பது இரண்டாம் செய்தி. போட்டி நாளில் மருத்துவக் குழு இருக்கும். மாதக்கணக்கில் நடக்கும் பயிற்சியின்போது, விடியற்காலைச் சாலையில், அருகில் இருக்கப்போவது நண்பர் ஒருவரே. ஆகவே இருவரும் சி.பி.ஆர். எனப்படும் உயிர்காப்பு முறையைக் கற்றபின்னரே காலணி வாங்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். 108ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இதைக் கற்க ஒரு பிற்பகல் போதும்.

நண்பரே ஆபத்தாகவும் ஆகலாம் என்று சிலர் கூறுவர். அது உண்மை. முன்னே ஓடுபவரைப் பிடிக்கும் ரோசத்தில் நெஞ்சுவலியை மறைப்போர் உண்டு. இதற்கு விலக்கு ஒன்றே: இருவருள் மெதுவானவரே வேகத்தை முடிவு செய்ய வேண்டும். அத்துடன் தம் நோய், மருந்து, ஒவ்வாமை, வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுபவரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரும் சர்க்கரை தாழ்ந்து குழம்பிப் பேசும்போது, அதை முதலில் உணர்பவர் நண்பரே. அவர் சட்டைப்பையிலும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நம் ஊர் நிலைக்கேற்பச் சில சொற்கள். இரவுப் பணி முடித்த காலையில் மலைப் பயிற்சி வேண்டாம். தூங்கி எழுந்த நாளில் செய்யுங்கள். கனரக லாரிகள் செல்லும் நெடுஞ்சாலை மேம்பாலங்களை ஏற்றப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீர்கள். திருத்தணி மலையின் 365 படிகளில், வழிபட வருவோருக்கு இடையூறின்றி விடியலில் நடந்து ஏறி இறங்குவது நல்ல தொடக்கம். ஆனால் வெறுங்காலுடன் ஏறும் இடம் என்பதால், பாத உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் வெயில் ஏறிய கல்லில் கால் வைக்கலாகாது. வெப்பத்துக்கு உடல் பழக இரண்டு வாரம் ஆகும். தாகத்துக்கேற்ப நீர் அருந்துங்கள். அளவுக்கு மீறிய நீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை எடுப்பது சிறுநீரகத்துக்குத் தீங்கு.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், சிறு முயற்சியிலேயே நெஞ்சுவலி காண்பவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், விழித்திரை பாதிப்போ பாதப் புண்ணோ உள்ளவர்கள் எங்களைக் காணாமல் தொடங்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கதவு மூடப்பட்டுவிடவில்லை; டிரெட்மில் சோதனைக்குப் பின் நடையிலிருந்து படிப்படியாகத் தொடங்கலாம்.

இறுதியாக, உடனிருக்கும் குடும்பத்தாருக்கு. "போகாதே" என்று தடுப்பதால் பலர் சொல்லாமல் தனியே போகின்றனர். அதுவே எங்களுக்குப் பெரிய அச்சம். அவரது நண்பரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள். அடுத்த மருத்துவ ஆலோசனைக்கு அந்த நண்பரையும் உடன் அழைத்து வாருங்கள். நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டபின், அவரிடமும் எங்களுக்குச் சொல்ல வேண்டியவை உள்ளன.